யார் வீட்டுச் சேதம், யார் கணக்கில்?

வடகிழக்குப் பருவமழை விடைபெறும் நாட்களில் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அசோசியேஷன் கூட்டங்களில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பற்றிய பேச்சு வந்துவிடும். பேஸ்மென்டில் தண்ணீர் புகுந்திருக்கும், லிஃப்ட் நின்றிருக்கும், யாரோ ஒருவர் வீட்டு ஃபால்ஸ் சீலிங் சரிந்திருக்கும். அசோசியேஷன் பெயரில் பாலிசி இருக்கிறது, வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து பிரீமியம் போகிறது, இப்போதாவது அது உதவட்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் மறைவில் வேறு சில கணக்குகளும் உள்ளே வந்துவிடுகின்றன. பல வருஷமாக ஓதம் ஏறிக் கிடந்த சுவர் திடீரென்று புயல் சேதமாகிறது. மாற்றியே ஆக வேண்டும் என்று சர்வீஸ்காரர் போன கோடையிலேயே எழுதிக் கொடுத்த மோட்டார், வெள்ளத்தில் போனதாகப் பட்டியலில் ஏறுகிறது. கூடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆனாலும் தினமும் மாடிப்படியில் எதிர்ப்படும் மனிதரிடம் உங்கள் கணக்கு சரியில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்கு முன்பே, கூட்டத்தில், எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அந்த மனிதரின் நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், சேதத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்வியை மட்டும் விடாமல் கேட்க வேண்டும்.

காரணத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பாலிசியே காரணத்தின் மேல்தான் நிற்கிறது. கட்டடத்துக்கு எடுக்கும் தீ விபத்துக் காப்பீடு எந்தச் சேதம் வந்தாலும் பணம் தரும் ஒப்பந்தம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பட்டியலில் உள்ள ஆபத்துகளால் நேர்ந்த இழப்புக்கு மட்டும் ஈடு தருவது. நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்த 'ஸ்டாண்டர்டு ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' பாலிசியில் தீ, மின்னல், வெடிப்பு, கலவரம், புயல் வெள்ளம், நிலச்சரிவு என்று 12 வகை ஆபத்துகள் சொல்லப்பட்டிருந்தன. குடியிருப்புகளைப் பொறுத்தவரை தண்ணீரைப் பற்றிப் பேசும் வரிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, புயலிலும் வெள்ளத்திலும் புகும் நீர். மற்றொன்று, தொட்டியோ குழாயோ வெடித்து அல்லது நிரம்பி வழிந்து வரும் நீர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வீடுகளுக்கென வகுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியிலும் இந்த இரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. மேல் வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து மாதக்கணக்கில் துளித்துளியாக இறங்கும் கசிவு இந்த இரண்டிலும் சேராது. அது பராமரிப்புக் குறை. அடுக்குமாடி வாழ்க்கையில் மிக அதிகமாக நேரும் தண்ணீர்ச் சேதம் இதுதான் என்பதும், பாலிசி கைவிட்டுவிடும் சேதமும் இதுதான் என்பதும்தான் இத்தனை வழக்குக்கும் வேர்.

சுவர் பொய் சொல்லாது என்பது இந்த விஷயத்தில் நமக்கு இருக்கும் பெரிய ஆறுதல். குழாய் திடீரென்று உடைந்து கொட்டிய தண்ணீர் ஒரே வீச்சில் பரவும். ஈரம் பளிச்சென்று இருக்கும். பெயின்ட் கொப்புளித்திருந்தாலும் உள்ளே காரை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். நாள்பட்ட கசிவின் தடம் வேறு. கூரையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புக் கறை படிந்திருக்கும். ஒவ்வொரு முறை நனைந்து உலர்ந்ததற்கும் ஒரு வளையம். செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பு வெளியேறி வெள்ளையாகப் பூத்திருக்கும். ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளிப் பெயர்த்திருந்தால், அது ஒரு மழைக்காலத்தில் நடந்திருக்கவே முடியாது. கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. மேல் வீட்டுக் குளியலறையின் வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி வைத்து, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கீழே சாயம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். குழாயை மட்டும் தனியாக அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி, குற்றம் குழாயிலா தரைப் பூச்சிலா என்று பிரிக்கலாம். ஈரமானியும் வெப்பப்பட கேமராவும் உள்ள பொறியாளர்கள் சென்னையிலும் கோவையிலும் எளிதாகக் கிடைக்கிறார்கள். இவற்றில் எதையும் செய்யாமல், மேல் வீட்டுக்காரரா கீழ் வீட்டுக்காரரா என்று வாட்ஸ்அப் குழுவில் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவது நேரத்தையும் உறவையும் ஒருசேர வீணாக்கும் வேலை. அந்த வாரங்களில் ஈரம் உலர்ந்துவிடும், ப்ளம்பர் வந்து இணைப்பை மாற்றிவிடுவார், எடுத்துப் போட்ட பழைய குழாய் காயலான் கடைக்குப் போய்விடும். பிறகு உண்மையான சேதத்தைக்கூட நிரூபிக்க வழி இருக்காது.

வெள்ளச் சேதத்தில் கேள்வி இன்னும் நுணுக்கமானது. 2015 டிசம்பர் முதல் தேதிப் பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 490 மில்லிமீட்டர் பதிவானது, மீனம்பாக்கத்தில் 345. பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். அதனால் ஊரே மூழ்கியது என்ற செய்தித்தாள் தலைப்பு, உங்கள் கட்டடத்தின் பேஸ்மென்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குச் சாட்சியாகாது. தூணில் படிந்த சேற்றுக் கோடுதான் சாட்சி. அதன் அருகே அளவு நாடாவை வைத்து எடுத்த படம்தான் சாட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளம் வரை மூழ்கிய கட்டடங்கள் பல. அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். குழியில் உள்ள பஃபர், லிமிட் ஸ்விட்ச், கீழே தொங்கும் கேபிள் எல்லாம் வெள்ளத்தில் நனைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய மாதிரி லிஃப்ட்டுகளில் கன்ட்ரோல் பேனல் இருப்பது மொட்டைமாடி மெஷின் ரூமில். பேஸ்மென்டில் நின்ற தண்ணீர் அங்கே எப்படிப் போனது? மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் போர்டு எரிந்திருக்கலாம். அப்படியானால் அது வெள்ளச் சேதமாகாது. ஷார்ட் சர்க்யூட், மிகை மின்னழுத்தம் போன்றவற்றால் ஒரு மின்கருவிக்கே நேரும் சேதத்தை அந்த நெடுநாளைய தீ பாலிசி தெளிவாக விலக்கி வைத்திருந்தது. அதற்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. ஜெனரேட்டரும் அப்படித்தான். நனைந்த ஆல்டர்னேட்டர் எல்லாம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளந்து, உலர்த்தி, வார்னிஷ் ஏற்றினால் பல ஓடும். புதிய ஜெனரேட்டரின் விலைக்கு க்ளெய்ம் போடுவதற்கு முன்னால் அந்த மெக்கர் அளவு எங்கே என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் வரும் முதல் மறுப்பு, காப்பீட்டு நிறுவனத்தின் பணம்தானே போகிறது, நமக்கென்ன நஷ்டம் என்பது. நஷ்டம் நமக்குத்தான். அசோசியேஷன் பெயரில் உள்ள பாலிசியில் ஈட்டுத் தொகை அசோசியேஷனின் கணக்குக்கு மொத்தமாக வரும். நிறுவனம் பேரம் பேசி ஒரு தொகைக்கு முடித்துவிட்டால், அதைப் பட்டியல்படி பங்கிடுவது உள்ளூர் வேலை. அப்போது ஊதிப் பெருக்கிய பட்டியல் கொடுத்தவர், நேர்மையாகக் கணக்குக் கொடுத்தவரின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார். அதோடு, மறு வருஷப் புதுப்பித்தலின்போது முந்தைய ஆண்டுகளின் க்ளெய்ம் வரலாற்றை நிறுவனம் கேட்கும். பிரீமியம் அதைப் பார்த்தே ஏறும். குறைவான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால் இன்னொரு வெட்டும் விழும். ஒரு கட்டடத்தை மீண்டும் கட்ட 20 கோடி ஆகும் என்றும், அசோசியேஷன் 12 கோடிக்குத்தான் பாலிசி எடுத்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி விதி உள்ள பாலிசியில் 10 லட்சம் சேதத்துக்கு 6 லட்சம்தான் கணக்காகும், அதிலும் நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு கழியும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தச் சராசரிக் குறைப்பு இல்லை. ஆனால் தங்கள் அசோசியேஷன் கையில் உள்ளது எந்த பாலிசி என்று எத்தனை உறுப்பினர்கள் படித்துப் பார்த்திருக்கிறார்கள்?

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது மோசடி பற்றிய நிபந்தனை. க்ளெய்ம் எந்த வகையிலாவது மோசடியாக இருந்தால், அல்லது காப்பீடு பெற்றவரோ அவர் சார்பில் செயல்படும் எவருமோ பொய்யான உறுதிமொழி கொடுத்தால், பாலிசியின் எல்லாப் பலன்களும் பறிபோகும் என்கிறது அந்தத் தீ பாலிசியின் பொது நிபந்தனை. 'எல்லாப் பலன்களும்' என்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். 60 வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் ஒருவர் கொடுத்த போலி ரசீதைச் செயலாளர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டு அனுப்பினால், காப்பீடு பெற்றவர் என்ற இடத்தில் நிற்பது அசோசியேஷன். மற்ற 59 வீட்டுக்காரர்களின் உண்மையான இழப்பும் அந்த ஒரு காகிதத்தால் ஆபத்துக்கு உள்ளாகிறது. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இந்த அநீதியை யோசித்திருக்கிறது. குழுக் காப்பீட்டில் ஒரு உறுப்பினர் மோசடி செய்தால் அதன் விளைவு அவரோடு நிற்க வேண்டும், மற்றவர்களின் பாதுகாப்பைத் தொடக் கூடாது என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. நம் பாலிசிப் படிவங்களிலும் அப்படி ஒரு பாதுகாப்பை அசோசியேஷன்களின் கூட்டமைப்புகள் கேட்டுப் பெற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது வரும்வரை, சந்தேகமான ஒரு வரியை உள்ளேயே நிறுத்திக் கேள்வி கேட்பது மற்ற எல்லாரையும் காப்பாற்றும் காரியம்.

அதற்குத்தானே சர்வேயர் இருக்கிறார், நமக்கு எதற்கு வீண் பொல்லாப்பு என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் போகும் கட்டடச் சேதங்களை, உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்பது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யூஎம் பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் வகுத்த ஏற்பாடு. பெருமழைக்குப் பின் ஒரு சர்வேயர் ஒரே நாளில் பல கட்டடங்களுக்கு ஓடுகிறார். அவர் பார்ப்பது, அன்றைக்கு அவருக்குக் காட்டப்படுவதைத்தான். போன வருஷத்து லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட், இரண்டு வருஷத்துக்கு முந்தைய வாட்டர்ப்ரூஃபிங் கொட்டேஷன், அதே கசிவைப் பற்றி அதே வீட்டுக்காரர் முன்பு எழுதிய புகார்க் கடிதம் எல்லாம் அசோசியேஷன் அலமாரியில்தான் இருக்கின்றன. கட்டடத்தின் கடந்த காலம் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மேலும் சர்வேயர் சொன்னதே முடிவு என்றும் ஆகிவிடாது. அவருடைய அறிக்கை இறுதித் தீர்ப்பு அல்ல, தகுந்த ஆதாரம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு வாகன விபத்து வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தக் கதவு இரு பக்கமும் திறக்கும். அவர் அதிகமாகப் போட்டதையும் கேள்வி கேட்கலாம், குறைவாகப் போட்டதையும் கேட்கலாம்.

அக்கம்பக்கத்து உறவு கெட்டுப்போகும் என்ற அச்சம் வெறும் சாக்கு இல்லை; ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்கு அது உண்மையான கவலை. ஆனால் உறவைக் கெடுப்பது கேள்வி கேட்கும் விதம்தான். கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்றால் அது அவமானம். எல்லா வீட்டுக்கும் ஒரே படிவம், ஒரே கேள்விகள், ஒரே பொறியாளர் என்றால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. சந்தேகத்துக்குரிய க்ளெய்ம்களில் பெரும்பாலானவை திட்டமிட்ட பொய்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் வீட்டு மாடுலர் கிச்சனும் மரத்தரையும் கட்டடத்தோடு சேர்த்துக் காப்பீடு ஆகியிருப்பதாக ஒருவர் மனதார நம்புகிறார். அசோசியேஷனோ பில்டர் கட்டிக் கொடுத்த கட்டமைப்பை மட்டுமே அறிவித்திருக்கும். வாடகைக்கு இருப்பவர் தன் டிவியும் சோபாவும் பொது பாலிசியில் வரும் என்று நினைக்கிறார். அது வராது, வீட்டுச் சாமான்களுக்கு அவர் தனியாக எடுக்க வேண்டும். பேஸ்மென்டில் மூழ்கிய காருக்கு அவரவர் மோட்டார் பாலிசிதான் பொறுப்பு. தண்ணீர் வடியும் முன் ஸ்டார்ட் செய்து இன்ஜின் இறுகிப்போனால், அதற்கென்று கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் ஒழிய அந்த பாலிசியும் பொதுவாகக் கைவிரிக்கும். இப்படித் தவறான வாசலில் நிற்கும் க்ளெய்மை ஆரம்பத்திலேயே சரியான வாசலுக்கு அனுப்பி வைப்பது அந்த மனிதருக்குச் செய்யும் உதவி.

அனுப்ப வேண்டிய வாசல்களில் முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டடம் புதியது, கூரையிலும் குளியலறைத் தரையிலும் ஆரம்பத்திலிருந்தே கசிவு என்றால், கேட்க வேண்டிய இடம் பில்டர். ரியல் எஸ்டேட் துறையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறையை, தெரிவித்த 30 நாட்களுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் கசிவைப் புயல் சேதமாக்கி இன்ஷூரன்ஸில் போட்டால், க்ளெய்ம் தள்ளுபடியாகும் நேரத்தில் அந்த 5 ஆண்டும் கழிந்துபோகலாம்.

குற்றம் சாட்டப்படும் பக்கத்தில் நிற்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ் வீட்டுக்காரர் தன் சொந்த பாலிசியில் க்ளெய்ம் போடும்போது, காரியம் சீக்கிரம் முடியட்டும் என்று மேல் வீட்டுக்காரரிடம் 'என் வீட்டிலிருந்துதான் தண்ணீர் வந்தது' என்று ஒரு கடிதம் வாங்குவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. நட்புக்காகக் கொடுக்கும் அந்தக் கடிதம் பிறகு ஆபத்தாகலாம். ஈடு கொடுத்த நிறுவனம், காப்பீடு பெற்றவரின் இடத்தில் நின்று சேதத்துக்குக் காரணமானவரிடமிருந்து பணத்தை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. கடிதம் எழுதியவர் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டவராக அங்கே நிற்பார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தத் தேதியில் எங்கே ஈரம் தெரிந்தது, என்ன சோதனை நடந்தது, என்ன பழுது சரிசெய்யப்பட்டது என்ற தகவல்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் சோதனைக்கு அனுமதிக்க மறுக்கவும் கூடாது. தன் தரப்புப் பொறியாளரும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது அவருடைய நியாயமான உரிமை.

இருப்பதிலேயே வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. நிறுவனங்கள் எப்படியும் குறைத்துத்தான் தருகின்றன, பத்து கேட்டால்தான் ஆறு கிடைக்கும், அதனால் கூட்டிக் கேட்பது தற்காப்பு என்கிறார்கள். முதல் பாதி பல நேரம் உண்மை. தேய்மானம், கழிவுப் பொருள் மதிப்பு என்று சொல்லிச் சொல்லிச் சர்வே தொகை சுருங்குவதைப் பார்த்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கூட்டிச் சொன்ன ஒரு வரி கண்டுபிடிக்கப்பட்டவுடன், உண்மையான மற்ற வரிகளையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. மேலே சொன்ன மோசடி நிபந்தனையும் கையில் இருக்கிறது. குறைத்துத் தந்தால் எதிர்க்க நேரான வழிகள் உண்டு. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி பதில் எழுதலாம். தனிநபர் பாலிசிதாரர் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக ரசீதில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று கலங்குபவர்களுக்கும் வழி இருக்கிறது. நெருக்கடி கொடுத்தோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து மீதித் தொகைக்கான உரிமையைப் பறிக்காது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வழிகளில் நடக்கக் கையில் சுத்தமான கணக்கு இருக்க வேண்டும். கூட்டிக் கேட்டவரால் சர்வேயரின் கணக்கை நிமிர்ந்து நின்று எதிர்க்க முடிவதில்லை.

க்ளெய்மைக் கேள்வி கேட்கும் உரிமையை நிர்வாகிகள் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வாடகைக்கு இருப்பவர், பராமரிப்புத் தொகையைப் பற்றிக் கேள்வி கேட்பவர், நிர்வாகிகளோடு ஒத்துப்போகாதவர் ஆகியோரின் க்ளெய்ம் மட்டும் துருவப்பட்டு, செயலாளருக்கு வேண்டியவருடையது அப்படியே கடந்துபோவது நடக்கக்கூடியதே. அதனால்தான் ஆளை விட்டுக் காரணத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். செப்டம்பர் மாதம், மழைக்கு முன், மொட்டைமாடி, சம்ப், மோட்டார் ரூம், மின் பேனல், லிஃப்ட் குழி, பொதுச் சுவர்கள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைத்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். விரும்பும் வீட்டுக்காரர்களின் குளியலறைக் கூரைகளையும் அப்போதே படமெடுத்துவிடலாம். அந்தப் படங்கள் பொய்க் கணக்கைத் தடுப்பதைப் போலவே, மழைக்கு முன் தன் கூரை நன்றாகத்தான் இருந்தது என்று ஒருவர் நிரூபிக்கவும் உதவும். மழைக்குப் பின், சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த பொருள் எதையும் வெளியேற்றக் கூடாது. வீட்டுக்குள் நேர்ந்த சேதம் ஒவ்வொன்றுக்கும் எப்போது, எதனால், முன்பு அதே இடத்தில் பழுது இருந்ததா, வேறு பாலிசியில் இதே சேதத்துக்குக் கேட்டிருக்கிறாரா என்ற நான்கு கேள்விகளுக்கு வீட்டுக்காரர் தன் கையால் பதில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில்லாமல் செயலாளர் க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. அந்தப் பதிலை மறுப்பவர் இருந்தால் அவருடைய மறுப்பும் அதற்கான ஆதாரமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். அந்த ஒரு பக்கத் தாள் செயலாளர் வீட்டுக்கும் பொருந்த வேண்டும். அதைக் கேட்டவுடன் சுருங்கும் பட்டியல்கள் சுருங்கட்டும். சுருங்காமல் நிற்கும் வரிகளுக்காக, அவை யாருடையவையாக இருந்தாலும், அசோசியேஷனே முன்னால் நின்று கடைசி ரூபாய் வரை வாதாடி வாங்கித் தர வேண்டும்.